கலங்கல் தண்ணீரில் வாழும் பவளம்

சென்னைக் கடலோரத்தில் பவளப்பாறைத் தொடர் என்று எதுவும் கிடையாது. ஆனாலும் தமிழ்நாட்டுப் பவளப்பாறைகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்கிற வேலையில் ஒரு பங்கு இந்த ஊரில் நடக்கிறது. பள்ளிக்கரணையில் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் நிலைத்த கடலோர மேலாண்மைக்கான தேசிய மையம். சாந்தோமில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் கடல் உயிரியல் மையம். இவை போகச் சின்னச் சின்னக் குழுக்களும் உண்டு. அப்படி ஒரு குழுவில் நான் இருக்கிறேன். மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் எடுத்த படங்களும், அங்கிருந்து பாட்டிலில் அடைத்து வரும் சேறும் என் மேசைக்கு வந்து சேரும். படத்தில் இருப்பதை எண்ணுவேன், சேற்றைக் காயவைத்து எடை போடுவேன், பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன்.

என்ன வேலை என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “அங்க பவளமெல்லாம் நல்லா இருக்கா?” இதற்கு ஒரு சதவீதத்தைச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடலாம். பத்திரிகைகளும் அதைத்தான் போடுகின்றன, அரசு அறிக்கைகளிலும் முதல் பக்கத்தில் அதுதான் இருக்கும். ஆனால் ஆற்று முகத்துவாரத்துக்கும் ஊர்ச் சாக்கடைக்கும் பக்கத்தில் இருக்கிற பாறைகளைப் பொறுத்தவரை, அந்த ஒற்றைச் சதவீதத்தை வைத்து நலம் சொல்வதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் அந்தச் சதவீதம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். கடலடியில் டேப்பை விரித்து, அதன் வழியே நீந்திக்கொண்டே, டேப்புக்கு நேர் கீழே எந்த இடத்தில் எது இருக்கிறது என்று பலகையில் பென்சிலால் எழுதுவது பழைய முறை. இன்றும் நடக்கிறது. இப்போது பெரும்பாலும் டேப்பை ஒட்டிச் சதுரச் சட்டத்தை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நான் படத்தைக் கணினியில் திறந்ததும் மென்பொருள் அதன் மேல் குறிவைக்காமல் அங்கங்கே புள்ளிகளை வைக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே என்ன இருக்கிறது என்று நான் குறிக்க வேண்டும்: உயிருள்ள பவளம், செத்த பவளம், பாசி, உடைசல், மணல், சேறு. மொத்தப் புள்ளிகளில் உயிருள்ள பவளத்தின் மேல் விழுந்தவை எத்தனை என்று பார்த்தால் அதுதான் உயிர்ப் பவளப் பரப்பு.

இந்த முறையை நான் குறை சொல்லவில்லை. 1986ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி, இந்த அளவை வருடா வருடம் எடுத்து வந்ததால்தான் 2016 கோடையின் சேதம் தெரிந்தது. அந்த வருடம் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. சுமார் 39 சதவீதமாக இருந்த உயிர்ப் பவளப் பரப்பு சுமார் 23 சதவீதமாக இறங்கியது. கிளைகிளையாக வளரும் அக்ரோபோரா, தகடாகப் படரும் மான்டிபோரா வகைகளுக்குத்தான் பலத்த அடி. தூத்துக்குடி ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் தண்ணீருக்குள் இறங்கி டேப் பிடித்த உழைப்பு அது. திடீரென்று வருகிற அடியை இந்த எண் நன்றாகவே பிடிக்கும்.

நிலத்திலிருந்து வரும் தண்ணீரின் அடி அப்படி வருவதில்லை. மெதுவாக வருகிறது.

என் திரையில் அடிக்கடி வருகிற ஒரு புள்ளியைச் சொல்கிறேன். செத்த பவளத்தின் மேல்தளம். அதன் மேல் அரை சென்டிமீட்டர் உயரத்துக்குக் குட்டைப் பாசி. படத்தைப் பெரிதாக்கினால் பாசி இழைகளுக்கு நடுவே மெல்லிய பழுப்பு வண்டல் சிக்கி நிற்பது தெரியும். இழைகள் வண்டலைப் பிடித்துக்கொள்கின்றன. வண்டல் சேரச் சேர அந்தப் பாசியை மேய வரும் மீன்கள் வாய் வைப்பதில்லை. மேயாததால் பாசி இன்னும் வளர்கிறது, இன்னும் வண்டலைப் பிடிக்கிறது. குறிப்புத் தாளில் இதற்குச் சரியான கட்டம் இருக்காது. “பாசி” என்றும் போடலாம், “செத்த பவளம்” என்றும் போடலாம், ஏன், “சேறு” என்றுகூடப் போடலாம். எதைப் போட்டாலும் உயிர்ப் பவளச் சதவீதம் மாறாது. ஆனால் பாறையின் எதிர்காலம் பற்றி அந்தப் படத்தில் இருக்கிற முக்கியமான சேதி அதுதான்.

பவளக் குஞ்சு தண்ணீரில் மிதந்து வந்து, உட்கார இடம் தேடும். அதற்குச் சுத்தமான, கெட்டியான தளம் வேண்டும். பாறையின் மேல் சுண்ணாம்புப் படலமாகப் படரும் இளஞ்சிவப்புப் பாசி இருந்தால் இன்னும் நல்லது, அந்தப் பாசியின் வாசனையைத் தொட்டே பல வகைக் குஞ்சுகள் இறங்குகின்றன. வண்டல் படிந்த இடத்தில் அந்த இளஞ்சிவப்புப் பாசி வாழாது. மெல்லிய ஒரு படலம் சேறு போதும், வந்த குஞ்சு உட்காராமல் போய்விடும், உட்கார்ந்தாலும் மூச்சு முட்டிச் சாகும். மன்னார் வளைகுடாவில் அக்ரோபோரா முட்டையிடுவது மார்ச், ஏப்ரல் வாக்கில். மழைவெள்ளம் வருவது நவம்பர், டிசம்பரில். ஆக, மழையில் வந்த சேறு பங்குனிக்குள் பாறையை விட்டுப் போயிருக்கிறதா என்பதில்தான் அடுத்த தலைமுறை இருக்கிறது. சேதி டிசம்பர் படத்தை விட மார்ச் படத்தில் அதிகம் இருக்கும். நாங்கள் படம் எடுக்கக் கேட்கிற மாதங்களை இதை மனதில் வைத்துத்தான் மாற்றினோம்.

பெரிய பவளங்கள் இதற்கெல்லாம் உடனே சாகாது. உருண்டையாக வளரும் பொரைட்டிஸ் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போல வளர்ந்து நூறு வருடம் கூட நிற்கும். குஞ்சு ஒன்றுகூட ஒட்டாத பாறையிலும் இந்தப் பெரியவர்களால் சதவீதம் ஆடாமல் அப்படியே இருக்கும். பிள்ளைகள் இல்லாமல் பள்ளிக்கூடம் மூடிவிட்ட கிராமத்தில் வாக்காளர் பட்டியலை மட்டும் பார்த்து ஊர் நன்றாக இருக்கிறது என்று எழுதுகிற மாதிரிதான் அது. அதனால் நான் படத்தில் முதலில் தேடுவது ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவான குட்டிகளை. ஒரு சதுர மீட்டரில் எத்தனை இருக்கின்றன, எந்த இனம், போன வருடம் இருந்தவை இந்த வருடம் இருக்கின்றனவா. கலங்கல் தண்ணீரில் எடுத்த படத்தில் இதைத் தேடுவது கண்ணைப் பிடுங்குகிற வேலை. மிதக்கும் துகள்கள் ஃபிளாஷ் வெளிச்சத்தில் வெள்ளைப் புள்ளிகளாக விழுந்து, குட்டிப் பவளத்தையும் துகளையும் பிரிக்க முடியாதபடி செய்துவிடும். அதனால் டைவர்களிடம் குட்டிகளைக் கண்ணால் பார்த்து, விரல் நுனியால் தொட்டுத் தனியாக எண்ணிவிடச் சொல்கிறோம். கூடுதல் நேரம் ஆகும், காற்றும் கூடுதலாகச் செலவாகும். ஆகட்டும்.

மழைத் தண்ணீர் என்று சொன்னால் பலரும் சேற்றை மட்டுமே நினைக்கிறார்கள். அது கொண்டுவருவது ஒன்றல்ல. நன்னீர் உப்புநீரை விட லேசானது என்பதால் மேலே மிதந்து பரவும். நம் பாறைகள் பெரும்பாலும் சில மீட்டர் ஆழத்திலேயே இருப்பதால், காற்று இல்லாத நாளில் அந்த நன்னீர்ப் படலம் பவளத்தைத் தொட்டுவிடும். உப்பு சட்டென்று இறங்கினால் சில நாட்களில் பவளம் செத்துவிடும். கலங்கல் வெளிச்சத்தைத் தடுக்கும். பவளத்தின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெளிச்சத்தை வைத்துத்தான் சமைத்துப் போடுகிறது, அது பட்டினி கிடந்தால் பவளமும் பட்டினி. உடலின் மேல் விழும் சேற்றைப் பவளம் சளியைச் சுரந்து தள்ளும், நுண்மயிர்களால் ஓட்டும், சில இனங்கள் நீரை உறிஞ்சி உடலை உப்பவைத்து உதறும். இதற்கெல்லாம் செலவாகும் சக்தி வளர்ச்சிக்கும் முட்டைக்கும் போக வேண்டிய சக்தி.

வயல் உரமும் வீட்டுக் கழிவும் கொண்டுவரும் நைட்ரஜன், பாஸ்பரஸ் தனிக் கதை. அவை பவளத்தை நேரடியாகக் கொல்வது அபூர்வம். தண்ணீரில் நுண்ணுயிர் பெருகும். அதை வடிகட்டித் தின்னும் கடற்பஞ்சுகளும் பாறைக்குள் துளையிட்டு வாழும் சிப்பிகளும் பெருகும். இவை பவளத்தின் சுண்ணாம்பு எலும்புக்கூட்டை உள்ளிருந்து அரிக்கும். மேலே உயிருள்ள பவளம், உள்ளே பொடிந்த சுண்ணாம்பு. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றின் ஒரு அலையில் உடைந்து உருளும். இதையும் சதவீதம் சொல்லாது, உடைந்து கிடக்கிற துண்டைக் கையில் எடுத்து அதன் வெட்டுமுகத்தில் துளைகளைப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, அப்படியென்றால் தெளிந்த தண்ணீரில் இருப்பது நல்ல பாறை, கலங்கலில் இருப்பது கெட்ட பாறை என்று முடித்துவிடலாமா? கூடாது. இதில்தான் நிறையப் பேர் தவறான முடிவுக்குப் போகிறார்கள், அதனால் பாறைகளுக்கே தீங்கு வருகிறது என்பது என் எண்ணம்.

மண்டபத்தை ஒட்டி, பாக் விரிகுடாப் பக்கம், கரைக்கு இணையாக ஒரு பவளப்பாறை ஓடுகிறது. கரையிலிருந்து சில நூறு மீட்டர்தான். வாடைக்காற்றுக் காலம் முழுக்க அங்கே தண்ணீர் கலங்கித்தான் கிடக்கும். அதே சமயம் மன்னார் வளைகுடாப் பக்கம் ஓரளவு தெளிந்திருக்கும். கச்சான் காலத்தில் இது அப்படியே தலைகீழ். பல நூற்றாண்டுகளாக இந்தக் கலங்கலோடு வாழ்ந்து பழகிய பவளங்கள் அவை. அந்தமான் படங்களைப் பார்த்துப் பழகிய ஒருவர் மண்டபத்துப் படத்தைப் பார்த்தால் “ஐயோ, செத்துப்போச்சா” என்பார். சாகவில்லை. பொரைட்டிஸும் மூளைப் பவளங்களும் இந்த வாழ்க்கைக்கு ஏற்றவை. வெளிச்சம் குறைந்த தண்ணீரில் சில இனங்கள் மிதக்கும் துகளைப் பிடித்துத் தின்று பசியாறுகின்றன. இன்னொன்றும் உண்டு. கடல் சூடேறும் கோடையில் கலங்கல் வெயிலுக்கு மறைப்பாக நின்று, வெளுப்பைக் கொஞ்சம் குறைக்கிறது என்று உலகின் பல பகுதிகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் கலங்கலோடு உரமும் கழிவும் சேர்ந்து வந்தால் கதை மாறும். நைட்ரஜன் மிகுந்து பாஸ்பரஸ் குறைந்த தண்ணீரில் பவளம் குறைந்த சூட்டிலேயே வெளுக்கிறது.

கிரேட் பாரியர் ரீஃப் பகுதிக்கு ஆஸ்திரேலியர்கள் வைத்திருக்கிற வரம்பு ஒன்று உண்டு. வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கினால் வருட சராசரியாகப் பத்து மீட்டர் வரை தெரிய வேண்டும், தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியின் அளவைக் காட்டும் பச்சையம் லிட்டருக்கு 0.45 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அவர்கள் கடலுக்கு, அவர்கள் தரவை வைத்துக் கணக்கிட்ட வரம்பு அது. அந்த அளவுகோலை அப்படியே எடுத்துவந்து மண்டபத்தில் வைத்தால் மழைக்காலம், வெயில்காலம் எதிலும் தேறாது. தேறாத பாறையைக் காப்பாற்றி என்ன பயன் என்று ஒரு கோப்பில் யாராவது எழுதிவிட்டால் போதும், அடுத்து அங்கே தூர்வாரலுக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் வரும். கலங்கலில் வாழும் பாறையைத் தெளிந்த கடலின் பாறையோடு ஒப்பிடக் கூடாது. அதன் நேற்றோடுதான் ஒப்பிட வேண்டும். அடி விழுந்த பிறகு அது எழுகிறதா, எழ எத்தனை வருடம் எடுக்கிறது, ஒவ்வொரு முறையும் அந்த வருடங்கள் கூடிக்கொண்டே போகின்றனவா. எனக்கு நலம் என்றால் இதுதான். இதை ஒரே ஒரு நாளில் எடுத்த அளவை வைத்துச் சொல்லவே முடியாது.

நேற்றோடு ஒப்பிட நேற்றைய கணக்கு வேண்டுமே? இதற்குப் பவளமே ஒரு வழி வைத்திருக்கிறது. பொரைட்டிஸ் தன் சுண்ணாம்பை வருடத்துக்கு ஒரு வளையமாகப் போட்டு வளரும். அதை நடுவில் துளைத்துத் தண்டு போல எடுத்தால் பழைய கடலின் வேதியியல் அதற்குள் இருக்கும். ஆற்று வண்டலோடு வரும் பேரியம் கடல்நீரில் கரைந்து அந்த வருடத்து வளையத்துக்குள் போய் உட்காரும். ஆஸ்திரேலியாவின் பர்டெக்கின் ஆற்று வெள்ளம் வந்து சேரும் பாறையில் எடுத்த தண்டை வைத்து மால்கம் மக்கல்லக்கும் குழுவினரும் 2003ல் காட்டியது இதைத்தான். 1750லிருந்து வருகிற பதிவில், 1870 வாக்கில் ஐரோப்பியர்கள் அங்கே மாடு மேய்க்க வந்த பிறகு, கடலுக்கு வந்த வண்டல் ஐந்து முதல் பத்து மடங்கு வரை கூடியிருந்தது. ஒரு ஆற்றுப் படுகையின் மேய்ச்சல் வரலாறு, கடலுக்குள் இருக்கிற ஒரு உயிரின் எலும்பில் பதிந்திருக்கிறது. நினைக்க நினைக்க எனக்கு இது அலுப்பதில்லை.

இப்போது என் மேசைக்கு வரும் சேற்றுக்கு வருகிறேன். பாறையின் அருகே பிவிசி குழாய்களைக் கம்பியில் கட்டி நிறுத்துவார்கள். அடி மூடி, வாய் திறந்திருக்கும். விட்டத்தைப் போல மூன்று மடங்காவது உயரம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே விழுந்த வண்டலை நீரோட்டம் மறுபடி அள்ளிக்கொண்டு போய்விடும். சில வாரம் கழித்து மூடிபோட்டு எடுத்து வருவார்கள். நான் அதை நல்ல தண்ணீரில் அலசி உப்பை எடுத்து, ஓவனில் காயவைத்து எடை போடுவேன். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு நாளைக்கு எத்தனை மில்லிகிராம் என்பது கணக்கு. பத்து மில்லிகிராமுக்கு மேல் போனால் பவளத்துக்குச் சிரமம் என்று 1990ல் கரோலின் ரோஜர்ஸ் எழுதியதிலிருந்து எல்லோரும் அந்த எண்ணையே சொல்லி வருகிறார்கள். குழாய்க்குள் விழுவது எல்லாம் புதிதாக வந்த சேறு இல்லை. அலை கிளப்பிவிட்ட பழைய வண்டலும் அதற்குள்தான் விழும். அலை அடிக்கிற ஆழமில்லாத இடத்தில் வெறும் எடையை வைத்துக்கொண்டு “இவ்வளவு சேறு ஆற்றிலிருந்து வந்தது” என்று எழுதுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அதனால் அடுத்த கட்டம். காய்ந்த வண்டலை 63 மைக்ரான் சல்லடையில் சலித்து, கீழே இறங்கிய மாவு போன்ற பகுதியை எடுத்துக்கொள்கிறேன். கண்ணாடிக் குவளையில் போட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவேன். உடனே நுரைத்துப் பொங்கும். பவளத்தூள், சிப்பித்தூள், கடல் தந்த சுண்ணாம்பு எல்லாம் அமிலத்தில் கரைந்துவிடும், அதிலிருந்து கிளம்பும் வாயுதான் அந்த நுரை. அவசரப்பட்டு அமிலத்தை ஊற்றினால் குவளையைத் தாண்டி வழிந்து அன்றைய மாதிரியே வீணாகும், பொறுமையாகத்தான் விட வேண்டும். நுரை அடங்கி, இன்னொரு சொட்டு விட்டும் ஒன்றும் நடக்காதபோது, அடியில் தங்கி நிற்பது களிமண். தீவை ஒட்டிக் கடல் பக்கம் வைத்த குழாயில் இது சிட்டிகை அளவே இருக்கும், வெளிர் சாம்பல் நிறம். முகத்துவாரத்தைப் பார்த்த குழாயில் அடி மூடுகிற அளவுக்குச் செம்பழுப்பாக நிற்கும். அந்த நிறத்தைப் பார்க்கும்போது ஏதோ ஒரு ஊரின் வயல் மேல்மண் இது என்று நினைப்பு ஓடும். கடைசியாக உலையில் 550 டிகிரியில் எரித்து, எவ்வளவு எடை குறைகிறது என்று பார்ப்பேன். குறைந்தது கரிமப் பொருள். அது அதிகமானால் சேற்றுக்குள் பாக்டீரியா பெருகும், ஆக்சிஜன் தீரும். கரிமம் கலந்த சேறு பவளத்தை வெறும் மணலை விடப் பல மடங்கு வேகமாகக் கொல்லும். எடை ஒன்றாக இருந்தாலும் சேறும் சேறும் ஒன்றில்லை.

மணலில் இருக்கிற நுண்ணுயிர் ஓடுகளை எண்ணும் முறையும் உண்டு. பாமெலா ஹாலக் குழுவினர் 2003ல் வைத்தது. பவளத்தைப் போலவே உடலுக்குள் பாசியை வளர்க்கும் ஃபொராமினிஃபெரா இனங்கள் அதிகம் இருந்தால் குறியீடு 4க்கு மேல் போகும், பாறை வளர ஏற்ற தண்ணீர் என்று அர்த்தம். 2க்குக் கீழே என்றால் வளராது. ஒரு கைப்பிடி மணல் போதும் என்பதால் செலவு குறைவு.

நிலத்தின் தண்ணீரைத் திருத்தினால் பாறை எழுமா என்பதற்கு ஹவாயின் கானியோஹே வளைகுடா நல்ல சாட்சி. ஊர்க் கழிவுநீர் முழுக்க அந்த வளைகுடாவுக்குள் விழுந்துகொண்டிருந்தது. பச்சைக் குமிழ்ப் பாசி ஒன்று பவளத்தின் மேல் படர்ந்து மூடியது. 1977, 78ல் கழிவுநீர்க் குழாயை ஆழ்கடலுக்குத் திருப்பினார்கள். சில வருடங்களில் தண்ணீர் தெளிந்தது, பவளம் கூடியது. ஆனால் பாசி முழுக்கப் போகவில்லை, இருபது வருடத்துக்கும் மேல் ஒட்டிக்கொண்டே இருந்தது. 2006 மார்ச்சில் வாரக்கணக்கில் விடாமல் மழை, வானம் மூடியே கிடந்தது. வெளிச்சம் கிடைக்காமல் அந்தப் பாசி சுருண்டு போனது, மறுபடி தலையெடுக்கவில்லை. மூன்று வருடத் திட்டம், ஐந்து வருடத் திட்டம் என்று அளவிட்டு, “திருந்தவில்லை” என்று கையை விரிப்பவர்களுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். காரணத்தை நீக்கிய பிறகும் பாறை எழக் காலம் பிடிக்கும். அளப்பதை நிறுத்தாமல் இருந்ததால்தான் 2006ல் நடந்தது அவர்களுக்குத் தெரிந்தது.

சென்னைக்குத் திரும்புகிறேன். இங்கே பவளத்தொடர் இல்லாவிட்டாலும் கோவளம் பக்கம் கடலுக்குள் பார்கள் இருக்கின்றன. பாறைத் திட்டுகள், மேலே கடல் விசிறிகள், கடற்பஞ்சுகள், சங்கராவும் களவாவும் சுற்றும் இடம். வலை போட்டால் கிழியும் என்பதால் தூண்டில்தான் போடுவார்கள். கோவளத்தில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார், கட்டுமரக் காலத்திலிருந்து கடலுக்குப் போகிறவர். “அண்ணே, மழைக்கு அப்புறம் பார் எப்படி இருக்கும்?” என்று கேட்டேன்.

“வாடையில வன்னி வெள்ளம் ஓடும்மா. வடக்கேருந்து தெக்க. மெட்ராஸ் தண்ணி பூரா நம்மாண்டதான் வரும்” என்றார். “பார் மேல சேறு குந்திக்கும். தூண்டி போட்டா ஒண்ணும் கடிக்காது. தை பொறந்து தெளிஞ்சாதான் மீனு திரும்பும். இப்பல்லாம் தை பொறந்தும் தெளிய மாட்டேங்குது.”

வடகிழக்குப் பருவத்தில் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடுவதைக் கடலியல் பாடப்புத்தகமும் சொல்லும். அந்தக் கடைசி வாக்கியம் பாடப்புத்தகத்தில் கிடையாது. தை பிறந்தும் தெளிவதில்லை என்பது எழும் காலம் நீள்கிறது என்பதுதான், நான் குட்டிகளை எண்ணியும் குழாய் கட்டியும் தேடிக்கொண்டிருக்கிற அதே சேதி. இந்த ஊரின் கூவம், அடையாறு, கொசஸ்தலையாறு மூன்றும் கடலுக்குள் எதைக் கொட்டுகின்றன என்று நமக்குத் தெரியும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் தண்ணீரும் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கிக் கோவளம் கழிமுகத்துக்குத்தான் போகிறது. சதுப்பு நிலம் வேகத்தைக் குறைத்து வண்டலைக் கீழே உட்காரவைக்கும், நாணலும் கோரையும் நைட்ரஜனை உறிஞ்சும். 2022ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த அந்த நிலத்தைப் பறவைகளுக்காகக் காப்பாற்றச் சொல்கிறோம், வெள்ளத்துக்காகக் காப்பாற்றச் சொல்கிறோம். கோவளம் பார்களுக்காகவும் காப்பாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதைச் சொல்ல விரும்புகிறேன். கடல் விசிறியின் உள்தண்டும் வளர வளரப் படலம் படலமாகச் சேர்வது. மனிதக் கழிவோடு அதிகம் வருகிற, நைட்ரஜனின் எடை கூடிய வகை அதில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தால் மனிதக் கழிவு எந்த வருடங்களில் கூடியது என்று படிக்கலாம். உயிருள்ள விசிறியை வெட்ட வேண்டியதில்லை, புயலில் கரை ஒதுங்கியதே போதும்.

மிகவும் கஷ்டமானது நாள் கிடைப்பது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறிப் புன்னைக்காயல் வழியாகக் கடலில் இறங்கியது. அளக்க வேண்டிய நாட்கள் என்றால் அவைதான். அந்த நாட்களில் எந்தப் படகும் போகாது, போகவும் கூடாது. வானம் மூடியிருந்தால் செயற்கைக்கோளுக்கும் கடலின் நிறம் தெரியாது. தண்ணீர் வடிந்து, கடல் அடங்கி, டைவர் இறங்கும்போது பாதிக் கதை முடிந்திருக்கும். ஐப்பசிக்கு முன்பே உப்பளவும் கலங்கலும் பதிகிற கருவிகளைப் பாறையில் கட்டிவிட்டு வருவது ஒரு வழி. விலை அதிகம், பாசி பிடித்துக் கண் மறைந்துவிடும், யாராவது போய் மாதாமாதம் துடைக்க வேண்டும்.

இன்னொரு வழி மலிவானது, இந்த மழைக்கு அதைத்தான் கேட்டிருக்கிறேன். படகு போகாத நாளிலும் ஆற்றின் மேல் பாலம் இருக்கிறது. முகத்துவாரத்துக்கு மேலே, ஆத்தூர்ப் பக்கம் பாலத்தில் நின்று, பாதுகாப்பான தூரத்திலிருந்து கயிற்றில் வாளியை இறக்கி, வெள்ளம் ஏறும்போதும் வடியும்போதும் ஒவ்வொரு லிட்டர் தண்ணீர் எடுத்து, தேதியும் நேரமும் எழுதி ஒட்டி வைத்தால் போதும். மாசி பிறந்ததும் தீவிலிருந்து வரும் குழாய்களோடு அந்த பாட்டில்களும் சென்னைக்கு வந்தால், அமிலத்துக்குப் பிறகு குவளையின் அடியில் நிற்கிற களிமண்ணை அந்த ஆற்றின் களிமண்ணோடு வைத்து நான் ஒப்பிட்டுவிடுவேன்.